பிரேக்கில் கரையும் பெட்ரோல்

அமெரிக்காவில் புது வண்டி வாங்கப் போனால், அதன் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். விலையும் எரிபொருள் கணக்கும் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஃபோர்டு நிறுவனம் 2022 மாடலாகக் கொண்டுவந்த மாவெரிக் என்ற சிறிய பிக்கப் வண்டியின் இரண்டு தாள்களை எடுத்துக்கொள்வோம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான். ஒன்றின் பானட்டுக்குள் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது. இன்னொன்றில் 2.5 லிட்டர் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் அமைப்பு.

முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் வண்டி ஒரு காலனுக்கு நகருக்குள் 23 மைல், நெடுஞ்சாலையில் 30 மைல் ஓடும். ஹைப்ரிட் நகருக்குள் 42, நெடுஞ்சாலையில் 33. 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்று கேட்டே பழகிய நமக்காக மாற்றிச் சொன்னால், முதலாவது 9.8 கிலோமீட்டரும் 12.8 கிலோமீட்டரும் கொடுக்கிறது; இரண்டாவது 17.9, 14.

முதல் தாளில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஊருக்குள் ஓட்டினால் எண்ணெய் குடிக்கும், பைபாஸ் ஏறினால் மைலேஜ் கூடும் என்பது வாடகை வண்டி ஓட்டும் எவருக்கும் தெரிந்த சங்கதி. இரண்டாவது தாள் அதைத் தலைகீழாக்குகிறது. சிக்னல், நெரிசல், வேகத்தடை என்று எல்லாத் தொல்லையும் இருக்கும் இடத்தில் அதிகம் கொடுக்கிற வண்டி, தடையில்லாத சாலையில் ஏன் குறைவாகக் கொடுக்க வேண்டும்? எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்விக்கான விடையில் முக்கால்வாசி இந்தப் புதிருக்குள்ளேயே இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. 'சிறிய' என்று நான் சொன்னது அமெரிக்க அளவுகோலில். மாவெரிக்கின் நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகம். நம் குட்டி யானையைப் பக்கத்தில் நிறுத்தினால் அதற்கு உண்மையிலேயே குட்டி என்ற பெயர் பொருந்தும்.

நகர மைலேஜ் என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே சக்கரங்களைச் சுழலவிட்டு, எழுதிவைத்த ஒரு கால அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் வாசிகள் காலையில் வேலைக்குப் போன விதத்தைப் பார்த்து அமைத்தது அந்த அட்டவணை. அதன்படி 1,369 விநாடிகளில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஓட வேண்டும். சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர்தான். இதற்குள் வண்டி பதினேழு பதினெட்டு தடவை நின்று கிளம்பிவிடும். நெடுஞ்சாலை அட்டவணை 765 விநாடிகளுக்கு நீள்கிறது, 16.5 கிலோமீட்டர். கிளம்பினால் கடைசியில்தான் நிற்கும். பிற்காலத்தில் கடுங்குளிர், ஏ.சி., வேகமான ஓட்டம் ஆகியவற்றுக்கான சோதனைகளும் சேர்ந்துகொண்டன. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு அதேதான்: ஒன்றில் பிரேக் உண்டு, மற்றதில் ஏறத்தாழ இல்லை.

பிரேக் என்ன செய்கிறது? ஆளோடு சேர்த்து 1,750 கிலோ எடையுள்ள மாவெரிக், மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 170 கிலோ ஜூல். சிவப்பு விளக்கு விழுகிறது, மிதிக்கிறோம். அந்த 170 கிலோ ஜூலும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. 75 வாட் மின்விசிறி ஒன்றை அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடிய ஆற்றல் அது. பெட்ரோல் கணக்கில், எரியும் எண்ணெயில் கால்வாசியே வேலையாக மாறுகிறது என்று வைத்தால், 20 மில்லி. இருமல் மருந்து மூடியில் இரண்டு தடவை ஊற்றிக் கீழே கொட்டியதற்குச் சமம். பச்சை விழுந்ததும் அதே 20 மில்லியை மறுபடி எரித்து, அதே வேகத்துக்கு வருகிறோம். அடுத்த சிக்னல் 400 மீட்டரில்.

ஹைப்ரிட் இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. பிரேக்கை மிதித்ததும் மின்மோட்டார் தன் வேலையை மாற்றிக்கொண்டு மின்னாக்கியாகிறது. சக்கரம் அதைச் சுழற்றுகிறது. அதன் எதிர்ப்பில் வண்டி வேகம் இழக்கிறது. கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. முழுவதும் திரும்பாது. மூன்றில் இரண்டு பங்கு தேறினாலே நல்லது. ஆனால் மற்ற வண்டியில் திரும்புவது சுழியம். உராயும் பிரேக்கும் ஹைப்ரிடில் இருக்கிறது. அவசரத்துக்கும், வண்டி முழுதாய் நிற்கப்போகும் கடைசிக் கணத்துக்கும் அதுதான். வேலை குறைவென்பதால் அந்தப் பட்டைகள் தேயவும் நெடுநாள் ஆகும்.

இவ்வளவுக்கும் அந்தப் பேட்டரி மிகச் சின்னது. 1.1 கிலோவாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தைவிடக் கொஞ்சம் கூட. முழு மின்சார கார்களில் அறுபது, எழுபது யூனிட் பிடிக்கும் பேட்டரிகள் இருக்கின்றன. இது எப்படிப் போதும் என்று கேட்கலாம். ஒரு தடவை நிற்பதில் கிடைப்பது 47 வாட் மணிகூட இல்லையே, பேட்டரியின் நான்கு சதவீதம். வாங்கிய சில விநாடிகளிலேயே அடுத்த கிளம்பலுக்குக் கொடுத்துவிடுகிறது. தானியக் குதிர் தேவையில்லை, கல்லாப்பெட்டி போதும். இதைச் செருகி சார்ஜ் செய்யவும் முடியாது. உள்ளே வருவது எல்லாம் கடைசியில் பெட்ரோலிலிருந்து வந்ததுதான். ஹைப்ரிட் ஓசி மின்சாரத்தில் ஓடுகிறது என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடுவது, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வீணாகப் போகவிருந்த ஆற்றலில்.

நெடுஞ்சாலையில் இந்தக் கல்லாப்பெட்டிக்கு வியாபாரம் இல்லை. அங்கே பெட்ரோலைத் தின்பது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 65 மைலில் போகிறவர் 75க்கு மிதித்தால் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். காற்றைப் பிளந்து செலவழித்ததைத் திருப்பிப் பிடிக்க எந்த மோட்டாராலும் முடியாது. அதனால்தான் நெடுஞ்சாலையில் 33க்கும் 30க்கும் இடையே அவ்வளவு நெருக்கம்.

நெருக்கம் என்றாலும் 33 என்பது 30ஐவிடக் கூடுதல்தானே, பிடிக்க ஒன்றுமில்லாதபோது அந்த மூன்று மைல் எங்கிருந்து வந்தது? இது ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1880களில் யோசித்த ஒரு விஷயம். வழக்கமான இன்ஜினில் பிஸ்டன் வாயுவை எவ்வளவு தூரம் அமுக்குகிறதோ, எரிந்தபின் அதே தூரம்தான் வாயு பிஸ்டனைத் தள்ளும். அதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. வெளியேறும் புகையில் இன்னும் அழுத்தம் மிச்சம் இருக்கும். சைலன்ஸரில் கேட்கும் சத்தம் அந்த மிச்சம்தான். அமுக்கும் தூரத்தைக் குறைத்து, தள்ளும் தூரத்தை நீட்டினால் அதையும் கறந்துவிடலாம் என்றார் அட்கின்சன். அதற்காக அவர் செய்த கை கால் கோத்த இரும்புச் சிக்கல் நிலைக்கவில்லை. இன்றைய இன்ஜின்கள் எளிதாகச் செய்கின்றன: காற்றை உள்ளே விடும் வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடுகின்றன. மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மீதியைத்தான் அமுக்க வேண்டும். தள்ளுவதோ முழுத் தூரம்.

விலை உண்டு. உள்ளே தங்கும் காற்று குறைவு, ஆகவே பலமும் குறைவு. 2.5 லிட்டர் இருந்தும் 162 குதிரைத்திறன்தான். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இந்த இன்ஜின் சோம்பேறி. மின்மோட்டாரோ சுழலத் தொடங்கும் முன்பே முழு முறுக்குவிசையும் தரக்கூடியது. அட்கின்சன் இன்ஜினைத் தனியாக ஒரு பிக்கப்பில் பொருத்தினால் வாங்கியவர் திட்டித் தீர்த்துவிடுவார். மோட்டார் பக்கத்தில் இருப்பதால்தான் அதற்குப் பிழைப்பு.

டர்போவும் இதே மிச்ச அழுத்தத்தைத்தான் குறிவைக்கிறது என்பது எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. வெளியேறும் புகையை ஒரு சிறு விசையாழியின் மேல் விட்டால் அது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரிக்கலாம். மாவெரிக்கின் டர்போ இன்ஜின் இரண்டே லிட்டரில் 250 குதிரைத்திறன் தருவது இப்படித்தான். முறுக்குவிசை 375 நியூட்டன் மீட்டர். அட்கின்சன் இன்ஜினில் 210. புகையில் மிஞ்சியதை ஒருவர் சிக்கனத்துக்குத் திருப்பினார், மற்றவர் பலத்துக்கு.

ஹைப்ரிடில் இன்ஜினையும் மோட்டாரையும் இணைப்பது ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவில் சூரியன், அதைச் சுற்றிச் சிறு கோள்கள், வெளியே ஒரு வளையம். கோள்களைத் தாங்கும் சட்டத்தோடு இன்ஜின், சூரியனோடு ஒரு மின்னாக்கி, வளையத்தோடு சக்கரங்களும் பெரிய மோட்டாரும் இணைந்திருக்கும். மின்னாக்கியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் மாறிவிடும். கியர் போட வேண்டியதில்லை, கிளட்ச் இல்லை. 1960களின் இறுதியில் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தில் பெர்மன், கெல்ப், ரிச்சர்ட்சன் என்ற மூவர் வகுத்த அமைப்பின் வழித்தோன்றல் இது. டொயோட்டா 1997இல் பிரியஸ் காரில் இதே தத்துவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் பெயரில் சி.வி.டி. என்று வருவதால், நழுவும் பெல்ட்டுள்ள கியர்பெட்டி என்று நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். இதில் பெல்ட்டே கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் புதிரும் உண்டு. இன்ஜின் 162, மோட்டார் 126, கூட்டினால் 288. ஃபோர்டு சொல்வதோ 191. ஏமாற்று இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்ஜின் சுழற்றும் மின்னாக்கியிலிருந்து வருகிறது. அதை இரண்டு தடவை எண்ணக் கூடாது. கல்லாப்பெட்டி தன் பங்குக்கு அள்ளிக் கொடுக்க முடிந்தது முப்பது குதிரைத்திறன் அளவுக்குத்தான். இந்த முப்பதைப் பிறகு மலையில் நினைத்துக்கொள்வோம்.

இப்போது காசு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதே மனத்தை ஏமாற்றும் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். காலனுக்கு 10 மைல் தரும் வண்டியை 20க்கு மாற்றுவதா, 25ஐ 50க்கு மாற்றுவதா என்றால் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் பெரிய சேமிப்பு என்பார்கள். 10,000 மைலுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 500 காலன் மிச்சப்படுத்தும், இரண்டாவது 200தான். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்? நகருக்குள் டர்போவுக்கு 10.2, ஹைப்ரிடுக்கு 5.6. நெடுஞ்சாலையில் 7.8, 7.1. அமெரிக்கத் தாளிலும் 2013 மாடலிலிருந்து 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

வருடத்துக்கு 15,000 மைல், அதாவது 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்று வைப்போம். எல்லாம் நகர ஓட்டம் என்றால் ஹைப்ரிட் மிச்சம் பிடிப்பது ஆண்டுக்கு 1,100 லிட்டர். எல்லாம் நெடுஞ்சாலை என்றால் 170 லிட்டர். ஒரே வண்டி, ஒரே தூரம். ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். காலன் மூன்றரை டாலர் என்றால் ஒருவருக்கு ஆயிரம் டாலர், இன்னொருவருக்கு 160. வாங்க வருகிறவரிடம் 'வருடத்துக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 'ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிற்பீர்கள்?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விலைப் பட்டியலும் சும்மா இருக்கவில்லை. 2021 ஜூனில் அறிமுகமானபோது ஹைப்ரிடுதான் அடிப்படை மாடல், 19,995 டாலர். (1969இல் இதே பெயரில் வந்த ஃபோர்டு காரின் விளம்பர விலை 1,995 டாலர். விலை வைத்தவருக்குப் பழைய நினைவு இருந்திருக்கும்.) டர்போ வேண்டுமென்றால்தான் 1,085 டாலர் கூடுதல். எண்ணெயும் மிச்சம், விலையும் குறைவு என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? ஆர்டர்கள் குவிந்து, 2022 ஜனவரியிலேயே அந்த மாடலுக்குப் பதிவை நிறுத்திவிட்டார்கள். 2024இல் நிலைமை தலைகீழானது: டர்போ அடிப்படை மாடலாகி, ஹைப்ரிடுக்கு 1,500 டாலர் கூடுதலானது. நகரவாசிக்கு அந்தப் பணம் ஒன்றரை வருடத்தில் திரும்பும். நெடுஞ்சாலைக்காரருக்கு ஒன்பது வருடத்துக்கும் மேல். 2025இல் ஹைப்ரிடே மறுபடி அடிப்படை. பௌதிகம் மாறவில்லை, கல்லா மாறிக்கொண்டே இருந்தது.

குளிரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறைநிலைக்கு ஏழு டிகிரி கீழே போனால், நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் வண்டியின் மைலேஜ் 15 சதவீதம் அளவுக்கு இறங்கும்; ஹைப்ரிடுக்கு 30 சதவீதத்துக்கும் மேல் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. குளிர்ந்த பேட்டரி வாங்கவும் கொடுக்கவும் தயங்கும். உட்கார்ந்திருப்பவருக்கு வெதுவெதுப்புத் தருவது இன்ஜினின் சூடு, எனவே நிற்கும் நேரத்திலும் அது அணையாமல் ஓடும். மினசோட்டா ஜனவரியில் 42ஐ எதிர்பார்க்கக் கூடாது. அப்போதும் அது டர்போவைவிட மேலேதான் நிற்கும்.

பிக்கப் என்றால் பாரம் வேண்டாமா? பின்பெட்டியில் இரண்டும் ஒரே அளவுதான் சுமக்கும், 1,500 பவுண்டு, 680 கிலோ. சிமெண்ட் மூட்டை, மாட்டுத் தீவனம், ஃபிரிட்ஜ் எல்லாம் ஏற்றுபவருக்கு இன்ஜின் வித்தியாசம் பொருட்டே இல்லை. இழுப்பதில்தான் பிரிந்தன. முதல் மூன்று ஆண்டுகளில் ஹைப்ரிட் 2,000 பவுண்டு மட்டுமே இழுக்கும் என்றார்கள், நான்கு சக்கர இயக்கமும் அதில் கிடையாது. நான்கு சக்கர டர்போவில் இழுவைக்கான கூடுதல் பொருத்தம் வாங்கினால் 4,000. பனிநாட்டுக்காரர்களும் படகு வைத்திருப்பவர்களும் வேறு வழியின்றி டர்போவுக்குப் போனார்கள். 2025 மாடலில் ஹைப்ரிடுக்கும் இரண்டையும் கொடுத்துவிட்டதால் அந்தப் பிரிவினை போயிற்று. மிச்சமிருப்பது மலை.

டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 மீட்டரில் ஐசன்ஹவர் சுரங்கம் வரும். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் எழுபது சதவீதம். காற்றைத் தானாக உறிஞ்சும் இன்ஜினின் பலமும் அந்த அளவுக்கே தேயும். 162 குதிரைகளில் ஏறத்தாழ 115 மிஞ்சும். பின்னால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான டிரெய்லர், ஆறு சதவீத ஏற்றம், மணிக்கு 90 கிலோமீட்டர் என்று வைத்தால், தூக்குவதற்கு மட்டுமே ஐம்பதுக்கு மேல் குதிரைத்திறன் வேண்டும். காற்றுக்கும் டயருக்கும் தனி. பேட்டரி தரும் முப்பது முதல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் இன்ஜின் உச்சச் சுற்றில் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே ஏறும். ஏறிவிடும்; பேச்சுத்தான் நின்றுபோகும். டர்போ வண்டிக்கு மெலிந்த காற்று ஒரு பொருட்டில்லை. விசையாழி இன்னும் வேகமாகச் சுற்றிக் குறையை நிரப்பிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் பாட்டைக் குறைக்காமல் போய்ச் சேர்வார்கள்.

சுரங்கத்தைத் தாண்டினால் டில்லன் ஊர் வரை சுமார் 600 மீட்டர் இறக்கம். சாலையோரத்தில், பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகள் ஏறி நிற்பதற்கான சரளைச் சரிவுகள் இருக்கின்றன. ஹைப்ரிடுக்கு இது அறுவடைக் காலம் போலத் தெரியும். டிரெய்லர் இல்லாத வண்டியே அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றலை அவிழ்க்கிறது. பாதியைக் காற்றும் டயரும் கொண்டுபோனாலும் 1.1 யூனிட் பேட்டரி வழிந்துவிடும். பாதி மலையிலேயே அளவுமுள் உச்சியைத் தொடுகிறது. வாங்கிவைக்க இடமில்லை. அப்போது கணினி ஒன்று செய்யும்: வருகிற மின்சாரத்தை மின்னாக்கிக்கு அனுப்பி, அதை மோட்டாராக்கி, பெட்ரோல் ஊற்றாமலேயே இன்ஜினைச் சுழற்றும். காற்றை அமுக்கி அமுக்கியே ஆற்றல் தீர வேண்டும். முதல் தடவை இறங்குகிறவர் பயந்துபோவார். காலை எடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வண்டியோ, ஏறும்போது கத்திய அதே குரலில், ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காமல் கத்திக்கொண்டு மலை இறங்கும்.